கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைப் பட்டியல் (என்.ஐ.ஆர்.எஃப்.) வந்ததும் கல்லூரிகள் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கின்றன, நீங்களும் போடுகிறீர்கள், சரி, பத்திரிகை நடக்க வேண்டுமே. ஆனால் அந்தப் பட்டியலுக்கான மதிப்பெண்ணில் பாடம் நடத்துவது எங்கே இருக்கிறது?

என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் 'கற்பித்தல், கற்றல், வளங்கள்' என்ற தலைப்புக்குப் பல்கலைக்கழகங்கள் என்றால் 100-க்கு 30. உள்ளே போய்ப் பார்த்தால் மாணவர் எண்ணிக்கை, எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர், அதில் எத்தனை பேர் பிஎச்.டி., எவ்வளவு செலவு, பெரும்பாலும் இவ்வளவுதான். அந்த ஆசிரியர் வகுப்புக்குள் போய் என்ன செய்கிறார் என்பது கணக்கிலேயே வராது. சரி, தலைக்கணக்கையாவது நம்பலாமா என்றால், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆள் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராக இருந்த கூத்து 2024-ல்தான் வெளியே வந்தது.

நான் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் 29 ஆண்டு கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன். நான் வேலையில் இருந்த காலத்தில், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' அமைப்பின் குழு வருகிறது என்றால் ஒரு மாதம் வகுப்பு ஒழுங்காக நடக்காது. ஃபைல் தயாரிப்போம், சுவருக்கு வெள்ளையடிப்போம். (பூந்தொட்டிகள் வாடகைக்கு வரும், குழு கிளம்பிய மறுநாள் திரும்பிப் போய்விடும்.) மாணவர் கருத்துப் படிவமும் உண்டு. கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகளை உட்காரவைத்து, துறைத்தலைவர் பின்னால் நின்றுகொண்டு, "எல்லாத்துக்கும் நாலு போடுங்கப்பா, பெல் அடிக்கப் போகுது" என்பார். பழுப்பேறிய நோட்ஸைப் படித்துக் காட்டிவிட்டுப் போனவருக்கும் 3.8, கல்லூரி விட்ட பிறகும் வேப்பமரத்தடியில் நான்கைந்து பேருக்கு இன்டகிரேஷன் சொல்லிக்கொடுத்த கௌரவ விரிவுரையாளர் அம்மாவுக்கும் 3.8. அந்த அம்மாவிடம் பிஎச்.டி. இல்லை, அதனால் மேலே சொன்ன கணக்கில் அவர் ஒரு படி கீழே.

மாணவர்களிடம் கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாமல், ரிசல்ட் வந்த பிறகு கேளுங்கள். அப்போதும் கண்டிப்பானவருக்குக் குறைத்துப் போடுவார்கள், ஜோக் அடிப்பவருக்கு அள்ளிப் போடுவார்கள். அதனால் அதோடு விடாமல், வேறு கல்லூரியில் அதே பாடம் நடத்தும் ஒருவர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அப்புறம் பிள்ளைகளின் முதல் இன்டர்னல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பி.எட். படிக்கிற பெண் பள்ளியில் பாடம் எடுத்தால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். கல்லூரிக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, அந்த ஆளும் இல்லை.

என் வகுப்புக்கு 29 வருடத்தில் அப்படி யாரும் வந்ததில்லை. வந்திருந்தால், முதல் ஐந்து வருடம் நான் கரும்பலகையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருப்பார்கள். அதை ஒரு பழைய மாணவன் தன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுதான் சிரித்துக்கொண்டே சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.