பிரவீனின் கேமரா பற்றி

அன்புள்ள பூபாலா,

இங்கு எல்லோரும் நலம். கோகி அக்காவுக்கு இந்தக் குளிரில் முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. காவடிக்கு நீ வராததை இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவின் பச்சைக் கொம்பி வேனை விற்றுவிட்டாயா? விற்றிருந்தால் என்னிடம் சொல்லாதே.

உன் பையன் பிரவீனைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். சைரன் சத்தம் கேட்டால் பைக்கில் பாய்கிறான், விபத்துப் படங்களை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான் என்று பாதி பெருமையாகவும் பாதி பயத்தோடும் எழுதியிருக்கிறாய். பெருமைப்படு. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன், பையனுக்குக் கண் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தை அவன் எங்கே நின்று எடுத்தான் என்றும் பார்த்தேன். சாக்கடை ஓரத்தில், லாரிக்குக் கீழ்ச்சரிவில். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வாரம் ஜோகன்னஸ்பர்க்-டர்பன் என்3 நெடுஞ்சாலையில், கேட்டோ ரிட்ஜ் ஊருக்கு இந்தப் பக்கம், ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. பத்திரிகைக்காகப் படம் எடுக்கப் போனேன். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. இத்தகைய இடத்தில் முதலில் கேமராவைத் தொடக் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். தீ அங்கேயே பிறக்க வேண்டியதில்லை, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இஞ்சின் போதும். பிரவீனின் பைக்கும் ஓர் இஞ்சின்தானே! தீயணைப்பு வண்டி காற்று வரும் பக்கத்தில், மேட்டில் நிற்பது அதனால்தான். நாம் அதற்கும் பின்னால் நிற்க வேண்டும்.

அடுத்தது டேங்கரின் அபாயப் பலகையில் இருக்கும் எண், உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லும். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு. நீண்ட லென்ஸ் இருந்தால் அருகே போகாமலே படித்துவிடலாம். எரியும் பெட்ரோல் டேங்கருக்கு 800 மீட்டர், எரியும் எரிவாயு டேங்கருக்கு 1600 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று அவசரகால வழிகாட்டிக் கையேடுகள் சொல்கின்றன. 1600 மீட்டரிலிருந்து என்ன படம் எடுப்பது என்று பிரவீன் கேட்பான். எடுக்காதே என்பதுதான் பதில்.

போக்ஸ்பர்க் வெடிவிபத்தைப் பற்றி, அதற்கு அருகே ஆக்டன்வில்லில் இருக்கும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை. எரிவாயு டேங்கர் பாலத்தின் அடியில் சிக்கியது, கசிந்தது, தீப்பிடித்தது, பிறகு வெடித்தது. பக்கத்திலேயே டாம்போ மருத்துவமனை. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், மருத்துவமனை ஊழியர்களும் அவர்களில் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்களும், கைபேசியில் படம் பிடித்தவர்களும் அந்தச் சாலையில் நின்றிருந்தார்கள். தீயின் சூட்டில் தொட்டிக்குள் இருக்கும் திரவம் கொதிக்கும், அழுத்தம் ஏறும், இரும்பு இளகும். ஒரு கணத்தில் தொட்டி பிளந்தால் உள்ளே இருப்பது முழுவதும் ஒரே நேரத்தில் வாயுவாகி எரியும். ஓட நேரம் கிடைக்காது. இதைப் பிரவீனிடம் நீயே உட்கார்ந்து சொல், பூபாலா. அவன் அம்மா சொன்னால் அழுதுகொண்டே சொல்வாள், அவன் கேட்க மாட்டான்.

கேட்டோ ரிட்ஜில் தீப்பிடிக்கவில்லை. டிரைவர் கேபினுக்குள் சிக்கியிருந்தார். கிரைண்டரால் அறுத்தால் பொறி பறக்கும் என்பதால் ஹைட்ராலிக் கத்தரியால் கதவை வெட்டினார்கள். மருத்துவ உதவியாளராக வந்திருந்த பெண் நசுங்கிய கேபினுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு டிரைவரின் கழுத்தைத் தாங்கியபடி இருந்தாள். எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஆனால் சற்றுத் தள்ளி, நுரைக்குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். அவர் கேபின் பக்கம் திரும்பவே இல்லை. சிந்திய பெட்ரோலை மூடித் தரையில் பரவியிருந்த நுரைப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்காவது கிழிந்தால் ஆவி வெளியே வரும், ஒரு பொறி பட்டால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரின் உயிரும் போகும். கிழியும் இடத்தில் மறுபடி நுரையைப் பொழிந்தார். அவரைத்தான் முதல் பக்கத்துக்குக் கொடுத்தேன். ஆசிரியர் கேபின் படத்தைப் போட்டார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

டிரைவர் பிழைத்துவிட்டார், அதை எழுத மறந்துவிடப் பார்த்தேன்.

எதிர்ப்புறச் சாலையில் வந்தவர்கள் படம் பிடிக்க வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு வழுக்கியது. இன்னொரு விபத்து நடக்க ஒரு முழம்கூட பாக்கியில்லை. கோபத்தில் கத்தினேன், யார் காதில் விழுந்தது?

பிரவீனிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெடிப்பைவிட எனக்கு இதுதான் கனமாக இருக்கிறது. நம் தெருவிலேயே ஒரு பெண் கணவர் இறந்ததை வாட்ஸ்அப் படத்தில்தான் தெரிந்துகொண்டார். முகம்கூடத் தெரியவில்லை, காரின் எண் தெரிந்தது. போலீஸ் வந்து கதவைத் தட்டியது அதற்கும் பிறகுதான். நம் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் சட்டம் உயிரோடிருப்பவர்களைத்தான் காக்கிறது, செய்திப் படங்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. அதனால் இறந்தவருக்குக் காவல் படம் எடுப்பவன் மட்டுமே. முகம், எண் பலகை, கையில் போட்டிருக்கும் மோதிரம் எதுவும் வெளியே போகக் கூடாது. குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரும்வரை எந்தப் படமும் போகக் கூடாது. வேலை முடிந்து பம்பரில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் பணியாளர்களை அவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும். குழாய்கள் கிடந்த இடம், வண்டிகள் நின்ற நிலை எல்லாம் தெரியும் படங்களைத் தீயணைப்பு நிலையத்துக்கே கொடுக்கட்டும், அவர்கள் பயிற்சிக்கு வைத்துக்கொள்வார்கள். பிளாஷ் வேண்டாம். சீருடையின் பட்டைகள் அந்த வெளிச்சத்தைத் திருப்பியடித்து முகத்தை இருட்டாக்கிவிடும், பணியாளர்களின் கண்ணும் கூசும்.

ஜூலை விடுமுறையில் அவனை இங்கே அனுப்பு. தீயணைப்பு நிலையத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பயிற்சி நாளில் அழைத்துப்போகிறேன். டேங்கர் கவிழ்ந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கேமராவைத் தூக்கட்டும். அதுவரை சைரன் கேட்டால் சாவியை நீ வைத்துக்கொள். வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

அவன் காலணி அளவை எழுதி அனுப்பு. ரப்பர் செருப்போடு நெடுஞ்சாலைக்கு வர விடமாட்டேன், பூட்ஸும் ஒளிரும் மேலங்கியும் நானே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
தேவன்