போனை எடுக்காத பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உன் மெசேஜ் எல்லாம் ஒழுங்காக வருகிறது. பேசலாம் என்று கூப்பிட்டால்தான் நீ எடுப்பதில்லை. "சிக்னல் சரியில்லைப்பா, டைப் பண்ணுங்க" என்று உடனே பதில் வந்துவிடுகிறது. சிக்னல் சரியில்லாத இடத்திலிருந்து, கடலில் மிதக்கிற எண்ணெயை அள்ளுகிற அந்த ஸ்கிம்மர் ஓடுகிற வீடியோ மட்டும் எப்படி வந்து சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

போன தடவை அந்தப் பேச்சை எடுத்ததால்தான் உனக்குக் கோபம் என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் வந்தால் நீ வாயை மூடிக்கொள்கிற ஆளா? கூட நாலு வார்த்தை பேசுவாய். அது உன் பாட்டியிடமிருந்து வந்தது.

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிரஷ் சுற்றிச் சுற்றி எண்ணெயைத் தூக்குகிறது, சீப்பு அதை வழித்து உள்ளே தள்ளுகிறது. டெக்கில் அதை ஓட்டுகிற டீசல் எஞ்சின், அந்த பவர் பேக், அலறுகிறது. நீ பவர் பேக்கின் பேனல் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கத்திக் கத்தி விளக்குகிறாய். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, மார்பில் கேஸ் டிடெக்டர் எல்லாம் சரி. காதுக்குப் போடுகிற மஃப் மட்டும் கழுத்தில் மாலையாகக் கிடக்கிறது.

வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நன்றாகச் செய்கிறாய். எண்ணெய்க் கசிவுக்கு என்று வைத்திருக்கிற படகுக்கு ஒரு தொல்லை உண்டு. மற்ற படகுகள் ஓடி ஓடித் தேயும், இது நின்று நின்றே கெட்டுப்போகும். எஞ்சினைக் குளிர்விக்கிற கடல்நீர் பம்பில் சுற்றுகிற ரப்பர் சக்கரம், அந்த இம்பெல்லர், ஒரே பக்கமாக மடங்கிக் கிடந்து, கிளப்புகிற அன்று இறக்கை பிய்ந்து தண்ணீர் ஏறாது. டேங்கின் அடியில் தண்ணீர் இறங்கி, அதற்கும் டீசலுக்கும் நடுவே கிருமி வளர்ந்து கொழகொழவென்று ஆகியிருக்கும். படகு கரையில் கட்டிக் கிடக்கும்வரை தெரியாது, அலையில் ஆடியதும் மொத்தமும் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். சரி, வாரா வாரம் ஓடவிட்டுப் பார்க்கிறோம் என்று லோடே இல்லாமல் ஓட்டினால் சிலிண்டரின் உள்சுவரான லைனர் மழமழத்துப்போய் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். இதையெல்லாம் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ளப் போவதில்லை. ட்ரில் என்கிற ஒத்திகையின்போது லோடு கொடுத்துத்தான் ஓட்டுவேன் என்று சூப்பர்வைசரிடம் நீ அடம்பிடித்த கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அம்மாவுக்கே சலித்துவிட்டது.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறி, ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எல்லாரும் அந்த கேப்டனைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு எண்ணெய் அள்ளுகிற சாமான்களைக் கொண்டுபோக வேண்டிய தட்டைப் படகு, அன்று கரையில் நின்ற அந்த பார்ஜ்தான் கண்ணில் நிற்கிறது. 5 மணி நேரத்தில் சாமான்களோடு போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். பார்ஜோ பழுதுபார்க்க என்று ஒதுக்கப்பட்டு, சாமான்கள் இறக்கப்பட்டுக் கிடந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிப் போய்ச் சேர 12 மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. எண்ணெயோ காத்திருக்காது. அலையில் தண்ணீரோடு கலந்து மூன்று நான்கு மடங்காக ஊதி, பம்ப் இழுக்க முடியாத களியாகிவிடும். உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அந்த பார்ஜைச் சொல்லித்தான் விளக்குகிறேன். அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்கிறவள் என் மகள் என்பேன்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு மஃபைக் காதில் மாட்டத் தெரியவில்லை.

ஏன் கழற்றினாய் என்று எனக்குத் தெரியும். எஞ்சினின் கோளாறு முதலில் காதுக்குத்தான் தெரியும். பேரிங் கீச்சிடுவது, இன்ஜெக்டர் அடியில் கேஸ் சீறுவது, டர்போவின் விசில், இதெல்லாம் மஃப் போட்டால் மங்கலாகத்தான் கேட்கும். அதற்காகக் கழற்றாத மெக்கானிக் கிடையாது. ஆனால் இதைக் கொஞ்சம் யோசி. இரைச்சலில் காது கெடும்போது அடித் தொண்டைச் சத்தம் கடைசிவரை கேட்கும். முதலில் போவது மேல் சத்தங்கள், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பவை. கீச்சு, சீறல், விசில் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எதைக் கேட்பதற்காக மஃபைக் கழற்றுகிறாயோ அதுதான் முதலில் போகும். உள்காதில் இருக்கிற அந்த மயிர்ச் செல்கள் ஒரு முறை செத்தால் திரும்ப முளைக்காது. ஸ்டோர்ஸில் இன்டென்ட் போட்டு வாங்க முடியாது.

85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். பெரிய கப்பல்களின் எஞ்சின் அறைக்கே சர்வதேச விதி 110 வரை விட்டுவைத்திருக்கிறது, காதுக்குக் கவசம் போட்டுத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. உன்னுடையது சின்ன எஞ்சின் அறை. இரும்புச் சுவர் நாலு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. இரைச்சல் எங்கே போகும்?

மஃப் மட்டும் போதாது, உள்ளே நுரை பிளக்கும் வேண்டும். அதையும் பாதிப்பேர் தப்பாகத்தான் போடுகிறார்கள். கையில் கிரீஸ் இல்லாமல் துடைத்துக்கொள். பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிசாக உருட்டு. இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழு. அப்புறம் உள்ளே விட்டு, அது ஊதி நிறைகிறவரை விரலை எடுக்காதே. எதிரில் நிற்பவருக்கு பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது சரியாக உட்காரவில்லை. பேரிங்கைச் சோதிக்க மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது, வெப்பநிலை பார்க்கும் கன் இருக்கிறது. மஃபைப் போடு.

இந்த வேலையில் காதைவிடப் பெரிய ஆபத்துகள் இருப்பதும் தெரியும். புதுக் கச்சா எண்ணெயின் ஆவி எஞ்சினுக்குள் காற்றோடு போனால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது, வேகம் எடுத்துக்கொண்டே போகும், காற்றை அடைத்தால்தான் உண்டு. அந்த ஷட்-ஆஃப் வால்வை ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்க்கிறாயா? பார்ப்பாய். அந்த விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை. அங்கே மணி அடிக்கும், டிடெக்டர் கத்தும், நாலு பேர் ஓடி வருவார்கள். காது போவதற்கு மணி அடிக்காது. அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், மஃபைப் போடு.

போன முறை வீடியோவில் அம்மா "லீவு எப்போ?" என்று கேட்டாள். நீ "சாப்பிட்டேன்மா" என்றாய். அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தைய தடவை போனை இடது காதிலிருந்து வலதுக்கு மாற்றிக்கொண்டாய், அதையும் பார்த்தேன். ஆள் சொன்னது பிடிபடாதபோது எல்லாவற்றுக்கும் "ஆமாம்ப்பா, சரிப்பா" என்று சொல்லிச் சமாளிப்பதும், அப்புறம் போனே வேண்டாம், எழுதிக்கொள்ளலாம் என்று ஆவதும் எப்படி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் காதில் மிஷின் மாட்டிக்கொண்ட கதை உனக்குத் தெரியும்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் சந்தோஷம். சரியாக இருந்தால், வேலை போய்விடும் என்று பயந்து மறைக்காதே. ஆரம்பத்திலேயே தெரிந்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம். காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற ஆடியோகிராம் எடு. அதற்கு முந்தைய நாள் எஞ்சின் அறைப் பக்கம் போகாதே, களைத்த காதோடு எடுத்தால் கணக்கு தப்பாகக் காட்டும். வேலையில் சேரும்போது எடுத்த பழைய தாள் கம்பெனி ஃபைலில் இருந்தால் அதற்கும் ஒரு நகல் கேள். இரண்டையும் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பு. 4000-க்குப் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்வதானால் நீயே சொல். அதுவரை அந்தப் பேச்சால்தான் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதும் நியாயமில்லை, அதனால் அவளுக்கு மட்டும் சீக்கிரம் ஒரு வார்த்தை எழுதிவிடு.

அடுத்த ட்ரில் முடிந்து பவர் பேக்கை நிறுத்தியதும் கூப்பிடு. வீடியோவிலேயே கூப்பிடு. உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு பிடிபடுகிறது. உனக்கும் அது சௌகரியமாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா