லைன் வேறு, வரிசை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பந்தலூர்ப் பக்கத்து மழைச் செய்தியில் சென்ற வாரம், 'எஸ்டேட்டில் வரிசையில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டன' என்று போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூர் சம்பந்தியம்மா போன் செய்து, "கொட்டுற மழையில எதுக்குங்க வரிசையில நின்னீங்க?" என்று கேட்டார்.

நாங்கள் எங்கேயும் நிற்கவில்லை ஐயா. அவரவர் வீட்டில் படுத்திருந்தோம். உங்களுக்கு வந்த ஆங்கிலக் குறிப்பில் 'லைன்ஸ்' என்று இருந்திருக்கும். அது லைன் வீடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வீடு. ஒரே கூரை, ஒட்டியொட்டி வீடுகள், இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த என் அப்பா, சாகும்வரை லயம் என்றுதான் சொன்னார்.

லைன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள் நான். டிக்‌ஷனரியில் இந்தச் சொல்லைப் பிரித்தால் பக்கம் நீளும். லத்தீனில் ஆளிச்செடி நாருக்கும் நூலுக்கும் இருந்த பெயரில் பிறந்த சொல். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. அங்கிருந்து பாட்டின் வரி, ரேஷன் கடை கியூ, நெற்றிச் சுருக்கம், துணி காயும் கொடி, தூண்டில் நரம்பு, ஒருவரின் வம்சம், அவர் பார்க்கும் தொழில் என்று எங்கெங்கோ போய்விட்டது. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் லைனில்தான். கரண்ட் போனால் நாம் தேடுவதும் லைன்மேனைத்தான். தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. எது எங்கே பொருந்தும் என்று பார்க்க வேண்டாமா? தங்களுக்கு இது தெரியாததல்ல.

முன்பும் ஒருமுறை, கொழுந்து எடுக்கும் பெண்களின் படத்துக்குக் கீழே 'தேயிலை அறுவடை' என்று போட்டீர்கள். அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு வங்கியில் '5ம் லைன், 3ம் வீடு' என்று எழுதிக் கொடுத்த படிவத்தை, தெருப் பெயர் இல்லை என்று திருப்பித் தள்ளினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நான் படித்த டவுன் பள்ளிக்கூடத்தில், "லைன் பிள்ளைங்க எல்லாம் கடைசி பெஞ்சுக்குப் போ" என்று சொன்னபோது மட்டும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

இனிமேலாவது 'லைன் வீடுகள்' என்றே எழுதுங்கள். இந்தச் செய்திக்கு ஒரு சிறு திருத்தமும் போட வேண்டுகிறேன். வந்தால் வெட்டிச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
லைன் வீட்டு வாசகி,
பந்தலூர், நீலகிரி.