வலது கையைக் கேள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தபோது கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். மகள்தான் படித்துக் காட்டினாள். இப்போது பார்வை நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. மாப்பிள்ளை வேலை மாறியது நல்லதுதான். சம்பளம் குறைந்தால் என்ன, ஊரோடு இருக்கிறாரே.

புத்தகமும் கூடாது, டிவியும் கூடாது என்றுவிட்டார்கள். அதனால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வயலினுக்கும் ஹார்ப்ஸிகார்டுக்கும் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) எழுதிய சொனாட்டாக்களைக் கேட்பதில் இறங்கிவிட்டேன். சொனாட்டா என்றால் சில பகுதிகள் சேர்ந்த வாத்திய இசை. மொத்தம் ஆறு. 1717 முதல் 1723 வரை ஜெர்மனியில் கோத்தென் என்ற ஊரின் இளவரசர் லியோபோல்டிடம் அவர் வேலை பார்த்த காலத்தில் உருவானவை என்பதுதான் பொதுவான கருத்து. (பாவம், அவருக்கும் 1750இல் கண் ஆபரேஷன் செய்தார் ஊர் ஊராகப் போகும் ஓர் ஆங்கிலேய வைத்தியர். இரண்டு முறை. பார்வையே போயிற்று, அந்த ஜூலையில் ஆளும் போய்விட்டார். மகள் இதை முன்கூட்டியே சொல்லாமல் இருந்தாளே!)

கேட்கும்போது வயலின் பின்னாலேயே போய்விடாதே. இத்தாலிய வயலின் மேதை கொரெல்லி 1700இல் வெளியிட்ட சொனாட்டாக்களில் வயலினுக்குக் கீழே இருப்பது அடிச்சுரமும் சில எண்களும்தான். ஹார்ப்ஸிகார்டு வாசிப்பவர் எண்களைப் பார்த்து வலது கையைத் தானே நிரப்பிக்கொள்வார். பக்கவாத்தியம் என்று வைத்துக்கொள். பாக் பெரும்பாலும் அந்த வலது கைக்கும் ஒவ்வொரு சுரமாக எழுதிவிட்டார். வாசிப்பது இரண்டு பேர், பேசுவது மூன்று குரல்: வயலின், வலது கை, இடது கை.

ஐந்தாவது சொனாட்டா எஃப் மைனர் என்ற சுர வரிசையில். அதன் மூன்றாம் பகுதியைக் கட்டாயம் கேள். வயலின் இரண்டிரண்டு தந்திகளாகச் சேர்த்து மெல்ல இழுக்கிறது, அவ்வளவுதான், ஓட்டமெல்லாம் ஹார்ப்ஸிகார்டில். காரணம் இருக்கிறது. அதில் கட்டையை அமுக்கினால் சின்னக் குச்சி தந்தியைச் சுண்டும்; எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஏறாது, சீக்கிரம் அடங்கியும்விடும். நீட்டிப் பிடிக்க வில் இருப்பவர் நீட்டட்டும், முடியாதவர் ஓடட்டும் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஆறாவதில் இன்னும் குறும்பு: நடுவில் ஒரு பகுதி முழுக்க ஹார்ப்ஸிகார்டு மட்டும். வயலின்காரர் சும்மா நிற்க வேண்டியதுதான்.

அப்பா எழுதியவற்றில் இவை மிகச் சிறந்தவற்றில் சேரும், ஐம்பது வருஷம் கழித்தும் நன்றாகவே ஒலிக்கின்றன என்று பாக்கின் மகன் எமானுவேல் 1774இல் எழுதினார்.

பியானோவில் வாசித்த பதிவுகளும் உண்டு. அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஹார்ப்ஸிகார்டு. தகர டப்பா சத்தம் என்று நீ முகம் சுளிப்பாய், தெரியும். ஒரு நாள் பொறுத்துக்கொள், காது பழகிவிடும்.

முழங்கால் வலிக்கு எண்ணெய் போடுகிறாயா, இல்லையா? அதை எழுதவே இல்லையே.

அன்புடன்,
கல்யாணி