முதல் சுருட்டு கசந்துபோன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பரிசாக வந்த நிகராகுவா சுருட்டுப் பெட்டியைப் பிரித்து, முதல் சுருட்டை அரை மணி நேரத்தில் முடித்தாய் என்றும், நாக்கு கசந்து தலை சுற்றி உள்ளங்கை வியர்த்தது என்றும் எழுதியிருந்தாய். "இதற்கா இத்தனை விலை?" என்ற கேள்வி வேறு. உன் கையில் இருப்பது டோரோ அளவு: 6 அங்குல நீளம், 50 ரிங் பருமன். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. ஆக விட்டம் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். இந்த அளவுச் சுருட்டு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டியது. அதை அரை மணியில் முடித்தால் எந்த நல்ல இலையும் கசக்கத்தான் செய்யும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள். கனம் வேறு, வீரியம் வேறு. புகை வாயை எவ்வளவு நிறைக்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது கனம். நிகோட்டின் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்பது வீரியம். உன் பெட்டியில் இரண்டும் அதிகம், காரணம் லிகேரோ. புகையிலைச் செடியின் உச்சியில் வெயிலை முழுதாக வாங்கி, கடைசியாகப் பறிக்கப்படும் தடித்த, எண்ணெய்ப்பசை மிக்க இலை அது. எளிதில் எரியாது என்பதால் சுருட்டுபவர்கள் அதை நட்டநடுவில் வைத்து, செடியில் அதற்குக் கீழே விளையும் மெல்லிய செக்கோ, விசோ இலைகளைச் சுற்றி அடுக்குகிறார்கள். சுருட்டின் வெளியே சுற்றியிருக்கும் மேலிலையின் நிறத்தைப் பார்த்து வீரியத்தை மதிப்பிடாதே. மதூரோ மேலிலை கறுத்திருப்பது நீண்ட நொதித்தலால். அது பெரும்பாலும் இனிப்பைத்தான் கூட்டும்.

தலைசுற்றலுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையது, அதனால் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையே இல்லை, இழுக்கவும் கூடாது. வெறும் வயிற்றில் தொடாதே; வயிறாரச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்கார். சுற்றல் தொடங்கினால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடி, இனிப்பாக ஏதாவது சாப்பிடு, எழுந்து நடக்காதே. நெஞ்சுக்குள் இழுக்காதவர்களுக்கும் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து உண்டு என்பதை மறைக்க மாட்டேன். இது எப்போதாவது ஒருநாள் பிடிக்கிற பொருளாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஈரப்பதம். பெட்டி வந்த அன்றே பிரித்துப் பிடித்ததும் கசப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். கனமான சுருட்டை வைத்திருக்கும் இடத்தில் 65 முதல் 68 சதவீத ஈரப்பதம் போதும், வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். ஈரம் 72-ஐத் தாண்டினால் பூஞ்சை வரலாம், இழுவை இறுகும், சுருட்டு அடிக்கடி அணையும். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போய்த் தங்கினால், இலையில் ஒளிந்திருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து மேலிலையில் குண்டூசித் துளைகள் விழும். ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியை அப்படியே நம்பிவிடாதே. ஒரு பாட்டில் மூடியில் உப்புப் போட்டு, குழைய மட்டும் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வை. அது 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உன் மானி நான்கு குறைத்துச் சொல்கிறது. பெட்டியை இரண்டு மூன்று வாரமாவது நான் சொன்ன ஈரத்திலும் வெப்பத்திலும் ஓய்வில் விடு. சுருட்டின் அடியை, அதாவது பற்றவைக்கும் முனையை, முகர்ந்தால் அம்மோனியா நெடி அடிக்கிறதா? இன்னும் முதிரவில்லை, மாதக்கணக்கில் காத்திரு.

வெட்டுவதில்தான் பலர் சுருட்டைக் கெடுக்கிறார்கள். வாயில் வைக்கும் தலைப்பக்கம் ஒட்டியிருக்கும் இலைத்துண்டான தொப்பி, மேலிலையைப் பிடித்து வைத்திருக்கிறது. வளைவு நேராகும் தோள் வரை வெட்டினால் மேலிலை பிரிந்து வந்துவிடும். நுனியிலிருந்து 2 மில்லிமீட்டர் போதும், ஒரே மூச்சில் வெட்டு. பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பார். காற்று லேசான தடையோடு வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் உள்ளே முடிச்சு இருக்கிறது, அல்லது ஈரம் அதிகம். அன்றைக்கு அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடு.

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் நெடி இலையில் ஏறிவிடும். பியூட்டேன் லைட்டரோ நீண்ட மரத் தீக்குச்சியோ போதும். தீக்குச்சியானால் கந்தகம் எரிந்து தீரும்வரை பொறுத்திரு. சுருட்டைச் சாய்த்துப் பிடித்து, தழலின் முனை இலையைத் தொடாமல் ஓர் அங்குலத் தூரத்தில் காட்டி, மெல்லச் சுழற்று. விளிம்பு முழுக்க கறுத்த பிறகே வாயில் வைத்து, சுழற்றியபடி இரண்டு மூன்று முறை இழு. பிறகு அடிப்பக்கத்தை லேசாக ஊதிப் பார். கனல் வட்டமாக ஒளிர வேண்டும். இருண்ட மூலை தெரிந்தால் அங்கே மட்டும் சூடு காட்டு.

இனி வேகம். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். அடிக்கடி இழுத்தால் கனல் கொதித்து, எண்ணெய் மணமாக மாறுமுன் கருகுகிறது; தாரும் ஈரமும் தலைப்பக்கம் வந்து சேர்கின்றன. விரலில் சூடு தெரிந்தாலோ சுருட்டு மெத்தென்று ஆனாலோ இரண்டு நிமிடம் கீழே வை. சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்காதே. ஓர் அங்குலம் வரை நின்றால் அது கனலை மூடி வெப்பத்தை அடக்கும்.

கசப்பு என்று நீ எழுதியதில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கும், பிரித்துப் பார். மிளகுபோல் உதட்டிலும் மூக்கிலும் சுரீர் என்பது கார்ப்பு. நிகராகுவாவின் எஸ்தெலி பகுதி லிகேரோவில் அது இருக்கவே வேண்டும்; முதல் அரை அங்குலத்துக்குப் பிறகு பெரும்பாலும் தணியத் தொடங்கும். வாய் வறண்டு பல்லில் பிசுபிசுப்பது துவர்ப்பு. தண்ணீர் குடித்தால் போகும். வறுத்த காப்பிக்கொட்டை, இனிப்பில்லாத கோகோ போல வந்து, தானே விலகுவது நல்ல கைப்பு. தொண்டைக்கு மேல் ஒட்டிக்கொண்டு போகவே போகாத கைப்பு மட்டும்தான் குற்றம், அது பெரும்பாலும் சூட்டால் வருவது. அது வந்ததும் சுருட்டின் வழியே வெளிப்பக்கமாக மெல்ல ஊது. தேங்கிய புகை போனபின் ஒரு நிமிடம் பொறுத்து இழு.

பதனிட்ட தோலின் மணம், ஈர மண், மரம் இவையெல்லாம் நாக்குக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். வாயில் வாங்கிய புகையில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, உதட்டை மூடி, மிச்சத்தை மூச்சு விடுவதுபோல மூக்கு வழியே மெல்லத் தள்ளு. உள்ளே இழுக்காதே. பத்தில் ஒரு பங்கு புகையில் தொடங்கு, அதற்கு மேல் போனால் கண்ணில் நீர் வந்துவிடும். ஐந்து இழுப்புக்கு ஒருமுறை செய்தால் போதும். இந்தப் பழக்கம் இல்லாமல் கனமான சுருட்டைப் பிடிப்பது பாதிச் சுவையை விட்டுவிடுவது என்பது என் உறுதியான எண்ணம்.

சுருட்டை மூன்று பங்காக நினைத்துக்கொள். முதல் பங்கில் மிளகு, நடுவில் கோகோவும் இனிப்பும், கடைசியில் கனமும் வீரியமும் என்று மாறுவது வழக்கம். சிறந்த இடம் பெரும்பாலும் நடுப்பங்குதான். அப்போது காப்பியையோ மதுவையோ தவிர்த்து, வெறும் தண்ணீர் மட்டும் வைத்துக்கொள்.

ஒருபக்கம் வேகமாக எரிந்தால் பதறாதே. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் தானே சரியாகும், அதற்கு மேல் போனால் பின்தங்கிய விளிம்பில் மட்டும் தழலைக் காட்டு. உள்ளே எரிந்து மேலிலை எரியாமல் நின்றால் ஈரம் கூடுதல், அல்லது இழுப்பு மிக அரிது. லிகேரோ மிகுந்தது இடையில் அணைவது இயல்பு. சாம்பலைத் தட்டி, வெளிப்பக்கமாக ஊதி, மறுபடி விளிம்பிலிருந்து சூடேற்று. மறுநாளைக்கு என்று எடுத்து வைக்காதே, நாற்றமடிக்கும். சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டையை முதல் பங்கு எரிந்தபின் கழற்று. சூட்டில் பசை இளகியிருக்கும், மேலிலை கிழியாது.

கடைசி இரண்டு அங்குலத்தில் சூடும் தாரும் மேலோங்கினால் அங்கேயே நிறுத்திவிடு. நசுக்கி அணைக்காதே, அறையெங்கும் நெடி பரவும். சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் சும்மா வை, சில நிமிடங்களில் தானே அணையும். அடுத்ததை மூன்று வாரம் கழித்துப் பிடித்துப் பார்த்து, மிளகு எந்த இடத்தில் அடங்கியது, நடுவில் என்ன வந்தது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்