வாசல் சாடிகளை வெறுமையாய் விடாதே

கிளிநொச்சி,
புரட்டாதிக் கடைசிச் சனி

அன்புள்ள மகளுக்கு,

கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்து, விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "ஜெரேனியம் எல்லாம் பழுத்துப்போச்சு அம்மா, சாடிகளைப் பின்னுக்குக் கொண்டுபோய் வைச்சிட்டன், இனிச் சித்திரைக்குத்தான்" என்றாய். சித்திரைக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கிறது, பிள்ளை. அவ்வளவு நாளும் வேலையால் இருட்டில் வந்து வெறும் படியில்தான் ஏறப்போகிறாயா?

போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் யாராவது கன்று வாங்க வந்துவிடுகிறார்கள். எழுதினால் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வாங்கலாம். தம்பி படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான்.

குட்டி பிறந்த வருடம் கார்த்திகையில் இருந்து பங்குனி வரை லண்டனில் உன்னோடு நின்றேனே, அந்தக் குளிர்காலம் முழுக்க அவனை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று என்ன பூத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை. லண்டன் குளிர் கனடாக் குளிர் மாதிரி இல்லை. சில இரவுகளில் உறைபனி விழும், ஒன்றிரண்டு நாள் ஸ்னோ கிடக்கும், மற்ற நாள் எல்லாம் ஈரமும் மந்தாரமும்தான். அதைத் தாங்கிப் பூக்கிற செடிகள் கனக்க இருக்கின்றன. அங்கே செடிக்குக் குறைவது வெளிச்சம். மார்கழியில் உங்களுக்குச் சூரியன் காலை 8 மணிக்கு எழும்பி பின்னேரம் 4 மணிக்கு முன்னமே விழுந்துவிடுகிறது. இங்கே அதே மார்கழியில் 11 மணித்தியாலத்துக்கு மேல் வெளிச்சம் கிடக்கிறது, நட்ட செவ்வந்தி தைப்பொங்கலுக்குள் சாடி நிறையப் படர்ந்துவிடும். அங்கே ஐப்பசியில் நட்ட செடி பங்குனி மட்டும் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கும். இதை நீ விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் சுலபம். "வளர்ந்து நிரப்பும்" என்று நம்பி இடைவெளி விட்டு நடாதே. பூவோடும் மொட்டோடும் இருக்கிற கன்றாகப் பார்த்து வாங்கி, ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நெருக்கி வை. ஒரு அடி அகலச் சாடிக்கு ஐந்தாறு கன்று பிடிக்கும். இந்த மாதமே நட்டால் மண் குளிர்வதற்குள் கொஞ்சம் வேர் பிடித்துக்கொள்ளும்.

எதை வாங்குவது என்று கேட்பாய். ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருந்தால் வயோலா வாங்கு. பான்சியின் தங்கச்சி மாதிரி, சின்னப் பூ. பெரிய பூப் பூக்கிற பான்சி கடையில் கண்ணைப் பறிக்கும், ஆனால் இரண்டு நாள் மழைக்கு நனைந்த கடதாசி மாதிரித் தொங்கிவிடும். வயோலாவின் பூ சின்னது என்பதால் மழை அதை அவ்வளவு அடிக்காது, ஒன்று வாடினால் பக்கத்தில் இன்னும் நாலு விரியும். உறைபனி விழுந்த காலையில் செடி செத்தது மாதிரிச் சரிந்து கிடக்கும். நான் முதல் நாள் அதைப் பார்த்து உனக்குச் சொல்லாமலே கவலைப்பட்டேன். மத்தியானம் வெயில் பட்டதும் எழும்பி நின்றது. அப்படிக் கிடக்கும்போது அதைத் தொடவும் கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது. வாடின பூவை மட்டும் கிழமைக்கு ஒருதரம் கிள்ளிவிடு. விதை கட்ட விட்டால் பூக்கிறதை நிறுத்திவிடும்.

சைக்கிளமன் வாங்கும்போது கவனம். சுப்பர்மார்க்கெட்டில் பெரிய பூவோடு விற்கிறது மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, உறைபனி அதற்கு ஆகாது. அதைக் கூரை மறைக்கிற கதவடியில் வைக்கலாம், வெளியே வைக்காதே. கோயும் என்று இன்னொரு சாதி இருக்கிறது, சின்னப் பூ, வட்ட இலை. அது பனிக்குள்ளும் பூக்கும். எதுவாக இருந்தாலும் வாடின பூவைத் தண்டோடு அடியில் பிடித்துத் திருகி இழுத்துவிடு. பாதியில் ஒடித்தால் அந்தத் துண்டில் இருந்து அழுகல் இறங்கிவிடும்.

ஹெதரிலும் இதே கதைதான். இப்போது கடை முன்னால் குவித்து வைத்திருப்பது பெரும்பாலும் இலையுதிர்காலத்து ஹெதர், கெதியில் முடிந்துவிடும். நீலமும் கடும் மஞ்சளுமாகச் சாயம் பூசியும் சிலதை விற்கிறார்கள், அதைத் தொடவே தொடாதே. எரிக்கா கார்னியா என்று சீட்டில் எழுதியிருக்கிறதைப் பார்த்து எடு. அது தை மாசி எல்லாம் பூக்கும், உங்கள் குழாய்த் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பையும் பொறுக்கும். வெயில் எறித்த ஒரு மாசி நாளில் பக்கத்து வீட்டு ஹெதரில் பெரிய வண்டு ஒன்று தேன் குடித்துக்கொண்டு நின்றதைக் குட்டிக்குக் காட்டினேன். அவன் தூங்கிவிட்டான், நான்தான் நின்று பார்த்தேன்.

பூவுக்குத் துணையாக அலங்காரக் கோவா (முட்டைக்கோசு) ஒன்று வை. கோவாவை யார் வாசலில் வைப்பார்கள் என்று சிரிக்காதே. இரவு குளிரக் குளிர அதன் நடு இலை ஊதாவும் ரோசுமாக நிறம் ஏறும். குளிருக்காகவே பிறந்த செடி அது.

இனி, எனக்கு மிகவும் முக்கியமான விசயம், தண்ணீர். 2018 மார்கழி வெள்ளம் உனக்குத் தெரியும். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு எல்லாம் திறந்த இரவு. பொங்கலுக்கென்று வைத்திருந்த செவ்வந்திச் சாடிகளில் உயரத்தில் இருந்தவை தப்பின, நிலத்தில் இருந்தவை தண்ணீருக்குள் நின்றன. வெள்ளம் வற்றிய பிறகும் மேலே பச்சையாகத்தான் இருந்தன. நான் தப்பிவிட்டது என்று நினைத்தேன். ஒரு கிழமை கழித்து ஒவ்வொன்றாகச் சரிந்தது, பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து நாறியது. ஈரத்தில் மூச்சு விட முடியாத வேர்தான் செடியைக் கொல்லும், வன்னியிலும் அப்படித்தான், லண்டனிலும் அப்படித்தான். குளிரில் செடி தண்ணீர் குடிப்பதும் குறைவு, அதனால் சாடிக்குள் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். சாடிக்கு அடியில் வைத்த தட்டை எடுத்துவிடு. உடைந்த செங்கல் துண்டு மூன்று வைத்து அதன்மேல் சாடியை ஏற்று, ஓட்டை அடைபடாமல் தண்ணீர் வழியட்டும். கடையில் வாங்குகிற கொம்போஸ்டோடு கால் பங்கு சின்னக் கல் கலந்துகொள். பசளை இப்போது வேண்டாம், வளராத செடிக்கு எதற்குச் சாப்பாடு.

ஆனால் உன் குசினி யன்னல் பெட்டிக்கு இது அப்படியே பொருந்தாது. மேலே கூரை நீட்டிக்கொண்டு இருப்பதால் ஊரெல்லாம் மழை பெய்தாலும் அதில் ஒரு துளி விழாது. நான் நின்றபோது விரலை விட்டுப் பார்த்தேன், மண் தூளாகக் கிடந்தது. அதற்கு மட்டும் பத்து நாளைக்கு ஒருதரம் விரலை விட்டுப் பார்த்து, உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து மத்தியானத்தில் ஊற்று.

இன்னொன்று. பூச்செடியை நடுவதற்கு முன் சாடியின் அடியில் ரியூலிப் கிழங்கு, கொஞ்சம் மண், பிறகு டஃபடில், இன்னும் கொஞ்சம் மண், அதற்கு மேல் குரோக்கஸ் வைத்து மூடி, மேலே வயோலாவை நடு. மாசியில் குரோக்கஸ் வயோலாவுக்கு நடுவால் மூக்கை நீட்டும், பங்குனியில் டஃபடில், சித்திரையில் ரியூலிப். டஃபடில் கிழங்கு அச்சொட்டாக வெங்காயம் மாதிரி இருக்கும், நஞ்சு. அதைக் குசினிக்குள் கொண்டுவரவே வேண்டாம். சைக்கிளமன் கிழங்கும் கிறிஸ்மஸ் ரோஸ் என்கிற ஹெலபோரும் அப்படித்தான். வேலியில் கார்த்திகைப்பூ படர்கிற காலத்தில் "கிழங்கைத் தொடாதே, நஞ்சு" என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். குட்டி இப்போது எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயது. அவன் கைக்கு எட்டுகிற சாடியில் வயோலாவை மட்டும் வை.

முகாமில் இருந்த நாளில் கூடாரத்து வாசலில் பால்மா ரின்னில் பட்டிப்பூ வைத்தாயே, நினைவிருக்கிறதா? குடிக்கத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலம். முகம் கழுவின தண்ணீரை ஏந்தி அதற்கு ஊற்றுவாய். நான் பேசாமல் பார்த்துக்கொண்டு இருப்பேன், உன்னைத் தடுக்க மனம் வரவில்லை. அந்த விதையைத்தான் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஊருக்கு வந்தேன். பின்வளவில் நிற்கிறது எல்லாம் அதன் வழிதான். அப்படிப்பட்ட நீ இப்போது சாடியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன் என்று சொன்னதும் எனக்கு நித்திரை வரவில்லை. களைத்துப்போயிருக்கிறாய் என்று விளங்குகிறது. வேலை, பிள்ளை, இருட்டு. அதனால்தான் பராமரிப்புக் குறைந்ததாகப் பார்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக, கொஞ்சம் காசு மிஞ்சினால் சார்க்கோகொக்கா என்ற செடி ஒன்றைக் கேட்டு வாங்கி, கதவுக்குப் பக்கத்தில் தனிச் சாடியில் வை. பார்க்க ஒன்றும் இல்லை, கரும்பச்சை இலை, நூல் மாதிரிச் சின்ன வெள்ளைப் பூ. நிழலிலும் நிற்கும். ஆனால் தை மாதத்தில் அது பூத்தால் தெருவுக்கே மணக்கும். ஒரு நாள் குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது, யாரோ வீட்டு மதிலுக்குள் இருந்து அந்த மணம் வந்தது. எங்கள் முற்றத்து மல்லிகை என்றே நினைத்து நின்றுவிட்டேன். திறப்பைத் தேடிக்கொண்டு நீ இருட்டில் கதவடியில் நிற்கிற நேரம் அந்த மணம் உனக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

யன்னல் பெட்டியின் நீளத்தை அளந்து அனுப்பு, எத்தனை கன்று வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். மருமகனுக்கு என் அன்பைச் சொல். இரணைமடுப் பக்கம் இடி கேட்கிறது, மழை வரப்போகிறது. செவ்வந்திச் சாடிகள் பாதி இன்னும் நிலத்தில்தான் இருக்கின்றன, தம்பியைக் கூப்பிட்டுக் கல்லில் ஏற்ற வேண்டும். நீ நாளைக்கே கடைக்குப் போ.

அன்புடன்,
அம்மா