நம்மட கூத்துப் பதிவுகளுக்கு நம்மட சேர்வர்: நன்கொடை வேண்டுகோள்

ஊரவர்களுக்கும் வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் களரியேறிய வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிக் கூத்துகள், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் பாடல்கள், கோயில் சடங்குப் படங்கள் என்று எங்கள் குழு சேர்த்ததெல்லாம் ஒரு பெரிய நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தில்தான் கிடந்தன. சென்ற ஆண்டு அந்தப் பக்கம் திடீரென்று முடங்கியது. முறையிட்டால் இயந்திரம்தான் பதில் அனுப்பியது. பிறகு பக்கம் திரும்பக் கிடைத்தது, சரி. அடுத்த முறையும் கிடைக்குமா? 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019 இல் ஒத்துக்கொண்டது. அதே ஆண்டில் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டது.

ஆகவே மாறப்போகிறோம். பேச்சுக்கு மாஸ்டடன், வீடியோவுக்குப் பியர்டியூப். இரண்டும் யாரும் தங்கள் சேர்வரில், அதாவது பதிவுகளை வைத்திருந்து இணையத்தில் காட்டும் கணினியில், நிறுவி நடத்தக்கூடிய சமூக ஊடக மென்பொருள்கள். டயலொக் இலக்கத்திலிருந்து மொபிட்டலுக்குக் கோல் எடுப்பதைப் போலத்தான் இவை: நம் சேர்வரில் இருக்கும் வெல்லாவெளிப் பிள்ளை, வேறொரு சேர்வரில் இருக்கும் டொரண்டோ மாமாவுக்குப் பதில் எழுதலாம். எங்கள் நிர்வாகம் பிடிக்காவிட்டால், மாஸ்டடனில் பின்தொடர்பவர்களையும் கூட்டிக்கொண்டு வேறு சேர்வருக்குப் போகலாம். பழைய பதிவுகள் மட்டும் கூட வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

மென்பொருள் இலவசம். பிறகு காசு எதற்கு? கூத்து விடிய விடிய நடப்பது. ஓர் இரவுப் பதிவே பல கிகாபைட். பியர்டியூப் அதை மெதுவான இணைப்புக்கும் வேகமான இணைப்புக்கும் ஏற்றபடி பல அளவுகளில் மாற்றி வைப்பதால் இடம் இன்னும் வேண்டும். சேர்வர் வாடகையை யூரோவில் கட்ட வேண்டும். 2022 இல் ரூபாய் விழுந்ததன் வலி மாதாமாதம் தெரியும். இன்னொரு பிரதியும் வேறிடத்தில் இருக்க வேண்டும். 2004 சுனாமியில் எத்தனை வீட்டு அல்பங்கள் போயின என்று கடலோர ஊர்களான கல்லடிக்கும் மருதமுனைக்கும் நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கூட்டத்தில் அதிக நேரம் பேசியது, வெறுப்புப் பதிவுகளையும் வதந்திகளையும் கவனித்து நீக்கும் கண்காணிப்பைப் பற்றித்தான். 2018 இல் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்செயலின்போது தன் தளத்தில் வெறுப்புப் பதிவுகள் பரவியதற்குப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 இல். இங்கே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன, வதந்திக்கு அவ்வளவு அவகாசம் கொடுக்க முடியாது. அதனால் இரு சமூகத்திலிருந்தும் ஒவ்வொருவரை இந்த வேலைக்கு வைக்கிறோம். தொண்டு என்று சொல்லி நடுச்சாமத்தில் யாரையும் எழுப்புவது நியாயமில்லை, சிறிய படியாவது கொடுக்க வேண்டும்.

முதல் ஆண்டுக்கு 480,000 ரூபாய் தேவை. சேர்வருக்கும் சேமிப்பிடத்துக்கும் 200,000, கண்காணிப்பாளர் இருவரின் படிக்கு 180,000, பிரதி வைக்கும் ஹாட் டிஸ்க்குகளுக்கு 60,000, மிச்சம் 40,000 இணைய முகவரிப் பதிவுக்கும் சில்லறைச் செலவுக்கும். மாதம் 500 ரூபாய் தரக்கூடியவர்கள் நிறையப் பேர் சேர்ந்தால், ஒருவரே பெருந்தொகை தருவதை விட எங்களுக்கு நிம்மதி. யார் எவ்வளவு தந்தாலும் குழுவில் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். விளம்பரம் வாங்க மாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைச் சேர்வரிலேயே போடுவோம்.

காசு தர வசதியில்லாதவர்கள் அலுமாரியில் கிடக்கும் பழைய கூத்து வீடியோ கசட்டைத் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். பணமோ கசட்டோ, குழு முத்திரையிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குழுவினர்,
மட்டக்களப்பு